படகுத்துறையில் உலக அரசியல்: விவாதம் சண்டையாகாமல் நடத்துவது எப்படி

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், எந்தப் பக்கம் போய் டீக்கடையில் உட்கார்ந்தாலும் உலக அரசியல் காதில் விழும். டிரம்ப், புதின், கச்சத்தீவு, டீசல் விலை, கூடங்குளம் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். இதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீதம் வரை சுங்கவரி போட்டது. அதில் பாதி, நாம் ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காகப் போட்டது. எங்கோ நடக்கிற போரும், நாம் வாங்குகிற எண்ணெயும், இறால் விலையும் இப்படி ஒரே கயிற்றில் வந்து கோத்துக்கொள்கின்றன. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் இதைப் பேசாமல் வேறு யார் பேசுவது?

நான் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். டீசல், ஐஸ், கூலி, ஏலத்தொகை, இதுதான் பகல் வேலை. ஞாயிறு சாயங்காலம் எங்கள் படிப்பகத்தில் விவாதம் நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், படகுக்காரர்கள் வருவார்கள், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் வருவார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வருவார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், எங்களுக்குக் கைகொடுத்த முறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பை நறுக்குங்கள்

விவாதம் கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் தலைப்புதான். ‘அமெரிக்கா நல்ல நாடா?’, ‘வளர்ச்சியா, இயற்கையா?’, ‘அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா?’ இந்த மாதிரித் தலைப்பில் யாரும் யாரையும் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது. யாராவது உட்கார்ந்து முடிவெடுக்கிற விஷயமாக அவை இல்லை. ஒரு தலைப்பு வந்ததும் இதைப் பாருங்கள்: யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் நறுக்க வேண்டும்.

சுங்கவரி வந்த சமயத்தில் ஒரு தம்பி ‘இந்தியா யார் பக்கம் நிற்க வேண்டும்?’ என்று தலைப்புக் கொடுத்தார். அதை வைத்து இரவு முழுக்கக் கத்தலாம். ‘அமெரிக்க வரி நீடிக்கிறவரை இறால் தொழிலுக்கு மத்திய அரசு நேரடி ஈடு தர வேண்டும்’ என்று அதை மாற்றினோம். உடனே வேறு வகையான கேள்விகள் வந்தன. யாருக்கு ஈடு? பண்ணைக்காரருக்கா, ஏற்றுமதி கம்பெனிக்கா, கம்பெனியில் இறால் உரிக்கும் பெண்களுக்கா? எத்தனை மாதத்துக்கு? அந்தப் பணத்தை எந்தச் செலவைக் குறைத்துக் கொடுப்பது? ரஷ்ய எண்ணெயால் மிச்சமான பணம் யாருக்குப் போனது? இதில் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடலாம், மறுக்கலாம், ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் மனம் மாறலாம்.

தலைப்பு நறுங்கியபிறகு, காரணத்தை ஒவ்வொரு கண்ணியாகக் கேட்க வேண்டும். அன்றைக்கு ஒரு படகுப் பையன், “டிரம்ப் வரி போட்டதாலதான் நம்ம இறால் விலை விழுந்துச்சு” என்றார். பக்கத்திலிருந்த காக்கா ஒருவர் (இங்கே முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் அழைப்போம்) நிதானமாகக் கேட்டார்: “தம்பி, நம்ம மடியில விழுற இறால் அமெரிக்காவுக்குப் போகுதா?”

போகவில்லை என்பதுதான் விஷயம். கடலில் பிடிக்கிற இந்திய இறாலை அமெரிக்கா 2019-லேயே நிறுத்திவிட்டது. ஆமை தப்பிப்பதற்கான கருவியை நம் இழுவை மடிகளில் (விசைப்படகு இழுத்துப்போகும் பை மாதிரியான வலை) வைப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்கிருந்து அங்கே போவது பண்ணையில் வளர்க்கிற வனாமி இறால்தான். அப்படியானால் பையன் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. வனாமிக்கு அமெரிக்காவில் வழி அடைபட்டால் அது வேறு நாட்டுச் சந்தைகளுக்குத் திரும்பும். அங்கே விலை இறங்கும். அதே சந்தைகளுக்குக் கடல் இறாலை அனுப்புகிற கம்பெனிகள் நம் துறையில் ஏலத்தைக் குறைத்துக் கேட்கும். இது நடக்கக்கூடிய வழிதான். ஆனால் மூன்று கண்ணி இருக்கிறது, மூன்றுக்கும் தனித்தனியாக ஆதாரம் வேண்டும். அதைத் தேடி வருவதாகச் சொல்லித்தான் அன்றைக்குக் கலைந்தோம்.

எண் வந்தால் அலகைக் கேளுங்கள்

எரிசக்தி விவாதத்தில் இதைவிட முக்கியமான பழக்கம் வேறு இல்லை. இரண்டு பேர் உண்மையான எண்களையே வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண் ஒன்றைச் சொன்னதும், என்ன அலகு, எந்த ஆண்டு, எதை எண்ணியது என்று கேட்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கமுதியில் 2016-ல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் தகடுகள். அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது அதுதான். கூடங்குளத்தில் ஓர் அணு உலை 1,000 மெகாவாட். இதை வைத்து ஒருவர், “கமுதி மாதிரி இன்னொன்று கட்டினால் ஓர் அணு உலையை மூடிவிடலாம்” என்று வாதிடுவார். மெகாவாட் என்பது ஒரு நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்வது. வருஷத்துக்கு எவ்வளவு தந்தது என்பதை யூனிட்டில்தான் எண்ண வேண்டும். சூரியன் இரவில் இல்லை, மேகம் வந்தால் குறையும். சூரிய மின்நிலையம் வருஷம் முழுக்கச் சராசரியாகத் தருவது கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: 648 மெகாவாட்டை 8,760 மணி நேரத்தால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுமார் 113 கோடி யூனிட். ஓர் அணு உலை வருஷத்தில் 80 சதவீதம் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட். கொள்ளளவில் ஒன்றரை மடங்கு வித்தியாசம், மின்சாரத்தில் ஆறு மடங்கு.

இந்தக் கணக்கைச் சொன்னதும் அணுமின் ஆதரவாளர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அவரிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது: விலை எந்த ஆண்டு விலை? கமுதி மின்சாரத்துக்கு 2015-ல் ஒப்பந்தமான விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. இரண்டே ஆண்டு. கமுதியைக் காட்டி ‘சூரிய மின்சாரம் விலை அதிகம்’ என்பவரும், பட்லாவைக் காட்டி ‘கொள்ளை மலிவு’ என்பவரும் ஆண்டைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி, இரவில் மின்சாரத்துக்கு என்ன வழி, பேட்டரிச் செலவைச் சேர்த்தால் விலை என்ன என்பது. அது விவாதிக்கத் தகுந்த பாதி.

நாட்டளவிலும் இதே குழப்பம்தான். இந்தியாவின் மின் உற்பத்திக் கொள்ளளவில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் இல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது என்று 2025-ல் அறிவித்தார்கள். உண்மைதான். நாட்டில் உற்பத்தியாகிற மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. அதுவும் உண்மைதான். முதலாவது மெகாவாட் கணக்கு, இரண்டாவது யூனிட் கணக்கு. ஒன்றை மட்டும் சொல்கிறவரிடம் மற்றொன்றை நீங்கள் எடுத்து வையுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம்; “இதையும் சேர்த்துக்குவோம் அண்ணே” என்று சொன்னால் போதும்.

வெப்பமயமாதல் விவாதத்தில் மூன்று விதமான எண்ணிக்கை வரும். நாடு மொத்தமாக விடுகிற கரியமில வாயுவை எண்ணினால் சீனா, அமெரிக்கா, அடுத்து இந்தியா. தலைக்கு எவ்வளவு என்று எண்ணினால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்காவில் சுமார் 14 டன். தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை சேர்ந்ததை எண்ணினால் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய கால்வாசி, நம்முடையது அதில் சிறு பகுதி. மேற்கு நாட்டுத் தலைவர்கள் முதல் எண்ணைச் சொல்வார்கள், நம்மவர்கள் மற்ற இரண்டையும் சொல்வார்கள். எதை எண்ணுவது நியாயம் என்பதே ஒரு தனி விவாதம், ஒரு முழு சாயங்காலம் எடுக்கும். ஒரே பேச்சில் மூன்றையும் வசதிக்கு ஏற்ப மாற்றி மாற்றி எடுக்கிறவரை மட்டும் தலைமை தாங்குகிறவர் நிறுத்த வேண்டும்.

ஆமையும் இறாலும்: ஒரு விவாதத்தைப் பிரித்துக் காட்டுகிறேன்

புதிதாகத் தொடங்குகிற குழு எதுவானாலும் முதல் விவாதமாக ஆமை, இறால் வழக்கை எடுங்கள் என்பேன். உலக வணிகம், சுற்றுச்சூழல், வல்லரசின் அதிகாரம் எல்லாம் அதில் இருக்கிறது. நம் கடலும் இருக்கிறது.

கதை இதுதான். கடல் ஆமைகளைக் கொல்லாத முறையில் பிடித்த இறாலை மட்டுமே இறக்குமதி செய்வது என்று அமெரிக்கா 1989-ல் ஒரு சட்டம் போட்டது. மடியில் கம்பிக் கிராதி ஒன்றைச் சாய்வாகப் பொருத்தி, மேலேயோ கீழேயோ ஒரு வாசல் வைத்துவிட்டால் இறால் கம்பி இடைவெளியில் புகுந்து பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் முட்டி வாசல் வழியே வெளியேறிவிடும். அதுதான் அந்தக் கருவி. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து இது அநியாயம் என்று உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காப்பாற்ற வணிகத்தைக் கட்டுப்படுத்துவது கொள்கையளவில் சரிதான், ஆனால் அமெரிக்கா அதைப் பாரபட்சமாக நடத்தியது என்பது தீர்ப்பின் சாரம். கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மாறிக்கொள்ள மூன்று ஆண்டும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்த அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்திருந்தது. பிறகு அமெரிக்கா விதிமுறைகளைத் திருத்தியது. மலேசியா திரும்பவும் போய்த் தோற்றது.

இதை விவாதிக்கும்போது மூன்று சுற்றாகப் பிரியுங்கள்.

முதல் சுற்றில் என்ன நடக்கிறது என்பது மட்டும். இழுவை மடியில் ஆமை சாகிறதா? பங்குனி ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர். நெடுநேரம் மடிக்குள் மாட்டினால் செத்துவிடும். கருவி வைத்தால் இறால் எவ்வளவு நழுவுகிறது? மடியில் குப்பை, சொறி (ஜெல்லிமீன்), சங்காயம் (கழிவு மீன்) அடைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? இதைக் கடலுக்குப் போகிறவர்கள் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். இந்தச் சுற்றில் நியாயம் அநியாயம் பேசக்கூடாது.

இரண்டாவது சுற்றில் எது முக்கியம் என்பது. ஒரு நாள் மீன்பிடிப்பில் நழுவுகிற இறாலின் மதிப்பும் ஓர் ஆமையின் உயிரும் எதிரெதிரே வருகிற இடம். இங்கே எண்ணால் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவரவர் மனசு பேசும். அதை மதித்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது சுற்று, யாருக்கு உத்தரவிட அதிகாரம் என்பது. ஆமையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவரும், “அதை அமெரிக்கா ஏன் சொல்லணும், நம்ம மீன்வளத்துறை சொல்லட்டும்” என்று சொல்லலாம். அவர் முரண்படுகிறார் என்று பாயாதீர்கள். இரண்டாம் சுற்றில் ஒரு பக்கமும் மூன்றாம் சுற்றில் இன்னொரு பக்கமும் நிற்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. இப்படிப் பிரிக்காமல் பேசுகிற இடங்களில் ‘நீ ஆமைக்கு எதிரி’, ‘நீ அமெரிக்காவுக்குக் கூலி’ என்றுதான் முடிகிறது.

ஒரு சுற்றாவது பக்கம் மாறிப் பேச வையுங்கள். விசைப்படகு வைத்திருப்பவர் ஆமைக்காகப் பேச வேண்டும், கடல்சார் படிப்புப் படிக்கிற பெண் படகுக்காரருக்காகப் பேச வேண்டும். எங்கள் இடத்தில் ஒரு படகுக்காரர் ஆமைக்காக எழுந்து பேசினபோது, அந்தக் கருவிக்கு அரசு முழு மானியமும், முதல் இரண்டு பருவத்துக்கு நஷ்டஈடும் கேட்க வேண்டும் என்று அவராகவே ஒரு கோரிக்கைக்கு வந்துசேர்ந்தார். பக்கம் மாறிப் பேசும்போதுதான் இந்த மாதிரி நடுவழிகள் கண்ணில் படுகின்றன.

வராதவருக்கு ஒரு நாற்காலி

இது எங்கள் படிப்பகத்தின் வழக்கம், இதை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தத் தலைப்பானாலும் அதில் அடிபடுகிற, ஆனால் அந்த அறையில் இல்லாத ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அவருக்காகப் பேச ஒருவரை உட்கார வைப்போம். அவர் அன்று முழுக்க அந்தப் பக்கம் மட்டுமே பேச வேண்டும்.

கச்சத்தீவு பேசும்போது அந்த நாற்காலியில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மீனவர் இருப்பார். அவர் சொல்லக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. போர்க்காலம் முழுக்க அவர்களுக்குக் கடல் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. 2009-க்குப் பிறகு வலையோடு திரும்பி வந்தபோது, நம் இழுவைப் படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போயின. கடல் தரையோடு மடியை இழுக்கிற அடிமடி இழுவையை இலங்கை 2017-ல் தங்கள் படகுகளுக்கும் சேர்த்தே தடை செய்துவிட்டது. அவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். இந்த நாற்காலியில் யாரும் இல்லாமல் பாக் நீரிணை பற்றிப் பேசினால், அது நமக்கு நாமே கைதட்டிக்கொள்கிற கூட்டமாகிவிடும்.

அதேசமயம், இந்தத் தலைப்புக்கு மட்டும் எங்களிடம் ஒரு விதிவிலக்கு உண்டு. படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் சொந்தக்காரர் இருக்கிற குடும்பத்தவர் யாராவது வந்திருந்தால், அவர் முதலில் பேசுவார். அவருக்கு நேரக்கட்டு கிடையாது, குறுக்குக் கேள்வி கிடையாது. அவர் முடித்தபிறகுதான் விவாதம் தொடங்கும்.

கச்சத்தீவு என்று ஒரே பெயரில் நாம் பேசுவது உண்மையில் நாலு விஷயம். 1974 ஒப்பந்தப்படி தீவு யாருடையது என்பது ஒன்று. 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கோடு போட்டபோது மீன்பிடி உரிமை என்னவானது என்பது இரண்டு. அடிமடி இழுவையால் கடல் தரை என்ன ஆகிறது என்பது மூன்று. கைது, படகுப் பறிமுதல், துப்பாக்கிச்சூடு நாலு. தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் மூன்றாவது பிரச்சினை தீராது. மூன்றாவது தீர்ந்தாலும் 1974 சரியா என்ற கேள்வி அப்படியே இருக்கும். எதைப் பேசுகிறோம் என்பதைப் பலகையில் எழுதிவைத்துவிட்டுப் பேசுங்கள்.

சில நேரம் நாற்காலிக்குரியவர் நேரிலேயே வந்திருப்பார். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். பூங்காவால் பவளம் பிழைத்தது என்று ஒரு கல்லூரிப் பையன் அருமையாகப் பேசினார். பாசி எடுக்கிற அக்கா ஒருவர் எழுந்து, “தீவைக் காப்பாத்துறது சரி தம்பி. எங்கம்மா அந்தத் தீவுல பாசி எடுத்துத்தான் என்னைய வளத்தா. எங்களை வச்சுக்கிட்டு அதைக் காப்பாத்த வழி இல்லையா?” என்று கேட்டார். உலகம் பூராவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பற்றி நடக்கிற விவாதத்தின் மையக் கேள்வி அதுதான். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்து அதைக் கேட்கவில்லை. பெண்களுக்குப் பேச நேரம் ஒதுக்கி, அவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறவரை நிறுத்தினால் இந்த மாதிரிக் கேள்விகள் உங்களுக்கும் கிடைக்கும்.

முடிவு யார் கையில்?

ஐ.நா.வைத் திட்டுவது சுலபம். திட்டுவதற்கு முன்னால், இந்த முடிவை எடுக்கிற அதிகாரம் ஐ.நா.வுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பருவநிலை மாநாட்டில் எல்லா நாடும் ஒத்துக்கொண்டதுதான் முடிவாகும். ஒத்துக்கொண்ட பின்னும் ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்த அங்கே போலீஸ் இல்லை. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா வெளியேறி, உள்ளே வந்து, 2025-ல் திரும்பவும் வெளியேறுவதாக அறிவித்ததே இதற்குச் சாட்சி. வர்த்தக வழக்கு உலக வர்த்தக அமைப்பில். டீசல் விலையில் கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில், கலால் வரி மத்திய அரசிடம், மதிப்புக்கூட்டு வரி மாநில அரசிடம். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அதனால் வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் கடக்கிற ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் வந்தால் நம் துறையில் பேச்சு சூடாகிறது. ஆனால் ‘டீசல் விலைக்கு யார் பொறுப்பு’ என்றால் இந்த மூன்றையும் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் போடுகிற பேச்சு கட்சிக் கூட்டத்துக்குச் சரி, விவாதத்துக்கு ஆகாது.

உள்ளூர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாக இருந்தது. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள், 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது, கடைசியில் அந்த இடம் கைவிடப்பட்டது. இதைப் பேசும்போது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அப்போ உங்க வீட்டுக்கு மின்சாரம் வேண்டாமா? தூத்துக்குடிக்காரன் மட்டும் சாம்பலைத் தின்கணுமா?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். நியாயமான கேள்வி அது. மின்சாரம் எவ்வளவு வேண்டும், எந்த வழியில் வேண்டும், எந்த இடத்தில் வேண்டும், இடம் கொடுக்கிற ஊருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று அதை நாலாக உடைத்து, நாலுக்கும் பதில் சொல்லுங்கள். வழுதூரில் இயற்கை எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதையும் கமுதியையும் வைத்துப் பார்த்தால், ராமநாதபுரம் எதுவுமே தராத மாவட்டம் இல்லை என்பதையும் சொல்லலாம்.

நடைமுறை தெரிந்திருந்தால் வாதம் வலுக்கும். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு உண்டு. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், கலெக்டரோ அவர் நியமிக்கிற உயர் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். ஆனால் எண்ணெய், எரிவாயுச் சோதனைக் கிணறுகளுக்கு 2020 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு கருத்துக்கேட்பு தேவையில்லை. 2025-ல் நம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த செய்தி வந்தபோது, “எங்களை ஏன் கேட்கவில்லை?” என்று பலர் கொதித்தார்கள். கேட்க வேண்டியதில்லை என்று விதியையே மாற்றியிருந்தார்கள் என்பது தெரிந்தால், விவாதம் கிணறு வேண்டுமா என்பதோடு நிற்காது. அந்தத் திருத்தம் சரியா என்ற கேள்விக்குப் போகும். என் கருத்தைக் கேட்டால், தவறான திருத்தம் அது. சோதனை என்று சொல்லித்தான் எல்லாம் தொடங்குகிறது. தொடங்குகிற இடத்தில்தான் ஊரைக் கேட்க வேண்டும்.

‘அவன் மட்டும் யோக்கியமா?’

எந்த விவாதத்திலும் இது வந்தே தீரும். ஐரோப்பா 2026 ஜனவரி முதல் இரும்பு, அலுமினியம், சிமெண்ட் மாதிரிப் பொருள்களுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் (தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கான கட்டணம்) என்கிறதே, இருநூறு வருஷம் கரியை எரித்தது யார்? பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-ல் சொன்னார்கள், இழுத்தடித்தார்கள். 2024-ல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர், பணக்கார நாடுகள் ஒத்துக்கொண்டது 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு.

இந்த வாதம் வரும்போது அதற்குரிய இடத்தைக் கொடுங்கள். யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு இது மிக நல்ல வாதம். சுமக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. 2010-லும் 2016-லும் கடல் சூடாகி நம் பவளப்பாறைகள் வெளுத்தபோது, எந்த நாட்டுக் கரி என்று பார்த்து வெளுக்கவில்லை. இந்த இரண்டு கேள்வியையும் பலகையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, வருகிற வாதத்தை அதனதன் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

சில்லறை விதிகள்

ஒருவருக்கு நாலு நிமிஷம். பதில் சொல்கிறவர், முதலில் எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்லி, “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று வாங்கிக்கொண்டு அப்புறம் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை வாசிக்கலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லையென்றால் கணக்கில் சேராது. தெரியாததைத் தெரியாது என்றால் யாரும் சிரிக்கக்கூடாது. கட்சி, சாதி, மதம் பெயரைச் சொல்லி ஒருவருடைய வாதத்தை வெட்டினால் அன்றைக்கு அவருக்குப் பேச்சு முடிந்தது. பெரியவர்களை மாமா, காக்கா, அண்ணன் என்று அழைத்தே மறுக்கச் சொல்கிறோம். “மாமா, இந்த எண்ணு தப்பா இருக்கே” என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண் சொல்லி, மாமாவும் அதை வாங்கிக்கொள்வது நம் ஊரில் முடிகிற காரியம்தான். நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டெடுப்பு வேண்டாம். கை தூக்கச் சொன்னால் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பதிலாகக் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எதில் எல்லோரும் ஒத்துப்போனோம், எந்த எண்ணை யார் தேடி வர வேண்டும், இதைப் பற்றி யாருக்கு மனு எழுதலாம். மின் உற்பத்திக்கு மத்திய மின்சார ஆணையத்தின் மாத அறிக்கை, கடல்பொருள் ஏற்றுமதிக்கு எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) தரும் கணக்கு, எண்ணெய் இறக்குமதிக்கு பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் பிரிவு. எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். படித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்து, அடுத்த வாரம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

தொடங்குவதற்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆட்கள் கையில் நேரம். ஒரே தலைப்பை மூன்று சாயங்காலம் எடுத்துப் பேசலாம். தடைக்காலத்தை 45 நாளிலிருந்து 61 ஆக்கியது மீனுக்குப் பலன் தந்ததா, அந்த நாட்களுக்கான நிவாரணத்தை டீசல் விலையோடு இணைக்க வேண்டுமா, பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகாக மாற்ற 2017-ல் கொண்டுவந்த திட்டத்தை எப்படித் திருத்தினால் கடனில் மூழ்காமல் மாற முடியும். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.